காணாத கண்ணாடியை வரைவது எப்படி?

ஸபா நாட்டு அரசியார் ஸுலைமான் நபி (அலை) அவர்களின் மாளிகைக்குள் நுழைந்த சம்பவத்தை நாம் அனைவரும் கேட்டிருக்கின்றோம். அல்குர்ஆனின் 27ஆவது அத்தியாயமான ஸூரத்துந் நம்லில் 44ஆவது வசனம் அதைக் கூறுகின்றது. மாளிகையின் தளத்தைக் கண்ட அரசியார் அதனை நீர்த்தடாகம் என்று எண்ணினார். நனைந்துவிடாதிருக்க ஆடையைச் சற்று உயர்த்திக் கொண்டார். அது தண்ணீரன்று, கண்ணாடி பதிக்கப்பட்ட மாளிகை என்று ஸுலைமான் நபி (அலை) அவர்கள் அறிவித்த பின்னரே உண்மை விளங்கிற்று. தன் தவறை உணர்ந்த அவர் அகிலத்தாரின் இரட்சகனுக்கு முற்றாக அடிபணிந்தார்.

இந்த வசனத்தை எத்தனையோ தடவை ஓதியிருக்கின்றேன். ஆனால், கண்ணாடி ஏன் தண்ணீராகத் தெரிந்தது என்று ஒரு நாளாவது நின்று யோசித்ததில்லை. என்னை யோசிக்க வைத்தவள் டிக்கோயாவில் இருக்கும் என் தங்கையின் மகள்.

பிளாஸ்டிக் கோப்பை

ஹட்டனிலிருந்து நோர்வூட் செல்லும் பாதையில் இருக்கின்றது டிக்கோயா. நான் போன அன்று காலையிலிருந்தே மழை. எதிரே இருந்த தேயிலை மலை பனிமூட்டத்தில் மறைந்து போயிருந்தது. மருமகள் உயர்தரப் பரீட்சையை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்தாள். ஜன்னலோரம் பழைய மடிக்கணினி ஒன்றை வைத்துக் கொண்டு அதையே வெறித்துப் பார்த்தபடி இருந்தாள்.

"என்ன மகள், முகம் வாடியிருக்கு?" என்று கேட்டேன்.

"பாருங்க மாமா, எல்லாம் சொன்ன மாதிரித்தான் செஞ்சேன். கண்ணாடி மட்டும் கண்ணாடி மாதிரி இல்ல" என்றாள்.

விஷயம் இதுதான். தேயிலைத்தூளைப் பொதி செய்து விற்கும் ஒருவர், தமது பைக்கற்றில் அச்சிட ஒரு கிளாஸ் பிளேன்டீயின் படத்தைக் கேட்டிருந்தார். இணையக் காணொளிகளைப் பார்த்துக் கணினி வரைகலையைத் தானாகவே கற்றுக் கொண்டிருந்த இவளுக்கு அதுதான் கூலிக்குக் கிடைத்த முதல் வேலை. மூன்று நாள் இருந்து செய்து கொடுத்தாள். அவரோ படத்தைப் பார்த்துவிட்டு, "இது பிளாஸ்டிக் கோப்பை மாதிரி இருக்கே பிள்ள" என்று சொல்லிவிட்டார். திங்கட்கிழமை வரை தவணை. அதற்குள் சரியாக வராவிட்டால் வேறிடம் கொடுத்துவிடுவாராம்.

மச்சானுக்கு வேறு கவலை. "படம் வரையிற வேல நமக்குக் கூடுமா?" என்று அவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார். அவளை வேலைக்காகக் கொழும்புக்கு அனுப்பவும் அவருக்கு மனமில்லை. வீட்டில் சும்மா வைத்திருக்கவும் மனமில்லை. ஒரு கிளாஸ் தேநீரின் படத்தில் ஒரு பிள்ளையின் எதிர்காலமே தொங்கிக் கொண்டிருந்தது என்றால் மிகையாகாது.

நான் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். கணினி வரைகலை எனக்குத் தெரியாது. ஒளியைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். அவளுக்குப் பொத்தான்கள் தெரியும். இருவருமாகச் சேர்ந்து பார்ப்போம் என்று உட்கார்ந்தோம்.

திரையில் சாம்பல் நிற வெளி ஒன்றின் நடுவே தனியாக ஒரு கிளாஸ் நின்றது. அதன் ஓரங்கள் மங்கலாகவும் நடுவில் சில இடங்கள் கரிக்கட்டி போலவும் இருந்தன. உள்ளே இருந்த தேநீரோ கிளாஸுக்குள் வைத்த மண்ணிறக் கட்டை போல் தெரிந்தது.

"முதல்ல உம்மாக்கிட்டச் சொல்லி ஒரு பிளேன்டீ ஊத்திக் கொண்டு வாங்க. கண்ணாடி கிளாஸ்ல" என்றேன்.

ஜன்னலோரம் ஒரு பாடம்

ஆவி பறந்த கிளாஸை ஜன்னல் விளிம்பில் வைத்தோம். "இதில எது கண்ணாடி? விரலால தொட்டுக் காட்டுங்க" என்றேன். கிளாஸைச் சுட்டினாள். "அங்க என்ன தெரியுது?" என்று கேட்டேன்.

உற்றுப் பார்த்துவிட்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள். மேல் பக்கத்தில் ஜன்னல், சிறு வெண்கட்டமாக வளைந்து தெரிகின்றது; அதன் குறுக்குச் சட்டங்கள்கூடத் தெரிகின்றன. இரு ஓரங்களிலும் கறுப்புக் கோடு. அது அறையின் இருண்ட மூலை. அடிப்பகுதியில் மேசை விரிப்பின் பூக்கள் நசுங்கிக் கிடக்கின்றன. தேநீருக்கு மேலுள்ள வெற்றிடத்தினூடாக வெளியே பனிமூட்டம்.

"எல்லாம் சொன்னீங்க. கண்ணாடி எங்க?" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கண்ணாடி வரைதலின் முதற் பாடம் இதுதான், வாசகர்களே. சுத்தமான கண்ணாடிக்கென்று தனியாக ஒரு தோற்றமில்லை. நாம் காண்பதெல்லாம் அதைச் சுற்றியிருப்பவற்றைத்தான். அவற்றில் ஒரு பகுதி அதன் மேல் பட்டுத் தெறித்து வருகின்றது. மறு பகுதி அதனூடாக வளைந்து வருகின்றது. வெறும் சாம்பல் வெளியில் கிளாஸை நிறுத்தினால் அது எதைக் காட்டும்? சாம்பலைத்தான் காட்டும். அந்தக் கணினி பொய் சொல்லவில்லை. காட்டுவதற்கு அதனிடம் எதுவும் கொடுக்கப்படவில்லை.

ஸபா அரசியாரின் கண் ஏமாந்ததும் இப்படித்தான் விளங்குகின்றது. வழுவழுப்பான கண்ணாடித் தளமும் அசையாத நீர்ப்பரப்பும் ஒரே காரியத்தையே செய்கின்றன. இரண்டும் சுற்றியிருப்பதைத் தெறிக்கச் செய்கின்றன. அடியில் இருப்பதை வளைத்துக் காட்டுகின்றன. காசல்ரீ நீர்த்தேக்கத்தின் கரையில் காற்றில்லாத காலையில் நின்று பார்த்தவர்களுக்கு இது புரியும். காலடியில் நீரின் ஆழம் தெரியும். தூரத்தில் நீர் தெரியாது, மலை தலைகீழாகத் தெரியும்.

நூற்றுக்கு நான்கு

காலடியில் ஒன்றும் தூரத்தில் ஒன்றும் தெரிவது ஏன்? ஒளி பரப்பில் விழும் கோணம்தான் காரணம். கண்ணாடியை நேருக்கு நேர் பார்த்தால் அதன் ஒரு பரப்பில் ஏறத்தாழ 4 வீத ஒளிதான் தெறிக்கின்றது. மீதி 96 வீதம் உள்ளே போய்விடுகின்றது. செங்குத்திலிருந்து 60 பாகை சரிவாகப் பார்த்தால் தெறிப்பது 9 வீதமளவில் ஆகும். 80 பாகைக்கு வந்தால் ஏறத்தாழ 39 வீதம். பரப்போடு ஒட்டிப் பார்க்கும்போது கண்ணாடி முகம் பார்க்கும் ஆடியாகவே மாறிவிடும். நீரில் நேர்ப்பார்வைக்குத் தெறிப்பது 2 வீதமளவே; சரியச் சரிய அதுவும் இவ்வாறே கூடுகின்றது. இந்தக் கணக்கை 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வகுத்துத் தந்தவர் பிரெஞ்சு விஞ்ஞானி ஃபிரெனல்.

கிளாஸ் உருளை வடிவமானது. அதன் நடுப்பகுதியை நாம் நேராகவும் ஓரங்களைச் சரிவாகவும் பார்க்கின்றோம். ஆகவே நடு தெளிவாகவும் ஓரங்கள் அழுத்தமாகவும் தெரிகின்றன. அந்த ஓரக் கோடுகள்தாம் 'இது கண்ணாடி' என்று நம் கண்ணுக்குச் சொல்கின்றன. கண்ணாடிப் பாத்திரங்களைப் படம் பிடிக்கும் புகைப்படக் கலைஞர்கள் இதை நன்கு அறிவார்கள். பின்னால் வெளிச்சமான திரையை வைத்து, கிளாஸின் இரு பக்கங்களிலும் கறுப்பு அட்டைகளை நிறுத்துவார்கள். கறுப்பு ஓரங்கள் கூர்மையாக எழும்.

மருமகளும் அதையே செய்தாள். சாம்பல் வெளியை அழித்தாள். பின்னால் குறுக்குச் சட்டங்களுடன் ஒரு வெள்ளை ஜன்னல், பக்கங்களில் இரண்டு கரும்பலகைகள், கீழே மரமேசை, ஜன்னலுக்கு அப்பால் மங்கிய பச்சையில் ஒரு மலைச்சரிவு. கிளாஸில் அவள் கை வைக்கவேயில்லை. ஆயினும் திரையில் இருந்த பிளாஸ்டிக், பாதி கண்ணாடியாகிவிட்டது!

பக்தாதில் கிடைத்த கணக்கு

மீதிப் பாதி, ஒளி வளைவதில் இருக்கின்றது. காற்றிலிருந்து கண்ணாடிக்குள் சரிவாக நுழையும் ஒளி தன் திசையை மாற்றிக் கொள்கின்றது. இதனையே ஒளிமுறிவு என்று நம் பிள்ளைகள் படிக்கின்றார்கள். எவ்வளவு முறியும் என்பதைச் சொல்லும் எண் முறிவுச்சுட்டி. காற்றுக்கு அது ஏறத்தாழ 1, நீருக்கு 1.33, சாதாரண கண்ணாடிக்கு 1.5, வைரத்துக்கு 2.42. மருமகளின் மென்பொருளிலும் இந்த எண்ணைக் கொடுப்பதற்கென்றே ஒரு பெட்டி இருக்கின்றது.

இந்த முறிவு விதியைப் பாடநூல்கள் 'சினெல்லின் விதி' என்கின்றன. ஒல்லாந்தரான சினெல் 1621ஆம் ஆண்டளவில் அதைக் கண்டார். பிரெஞ்சு அறிஞர் டெக்கார்ட் 1637இல் அதை அச்சில் வெளியிட்டார். ஆனால் அதற்கு ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்னர், கிறிஸ்து ஆண்டு 984 அளவில், பக்தாதில் வாழ்ந்த இப்னு ஸஹ்ல் என்ற கணிதமேதை எரிக்கும் ஆடிகளையும் வில்லைகளையும் பற்றி ஒரு நூல் எழுதினார். சூரிய ஒளியை ஒரு புள்ளியில் குவிக்க வில்லையை எந்த வடிவில் கடைய வேண்டும் என்று காட்டுவதற்கு அவர் வரைந்த கேத்திர கணிதப் படத்தில் இதே விதி அடங்கியிருக்கின்றது. அந்நூலின் கைப்பிரதி இரண்டாகப் பிரிந்து ஒரு பகுதி தெஹ்ரானிலும் மற்றது டமஸ்கஸிலும் கிடந்தது. ருஷ்தி ராஷித் என்ற ஆய்வாளர் இரண்டையும் பொருத்திப் படித்து 1990இல் உலகுக்கு அறிவித்தார்.

இப்னு ஸஹ்லின் நூலை அறிந்திருந்தவர்களுள் ஒருவர், பஸராவில் ஏறத்தாழ 965இல் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்து மறைந்த இப்னுல் ஹைதம். அவரது 'கிதாபுல் மனாழிர்' ஏழு பாகங்கள் கொண்டது. ஏழாம் பாகம் ஒளிமுறிவுக்கே உரியது. கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால்தான் பார்வை உண்டாகின்றது என்று கிரேக்க அறிஞர்களான யூக்ளிட்டும் தொலமியும் எழுதியிருந்தார்கள். இப்னுல் ஹைதம் அதை மறுத்தார். பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் நுழைவதால்தான் நாம் காண்கின்றோம் என்று பரிசோதனைகளோடு நிறுவினார்.

பிற்காலத்தில் கமாலுத்தீன் அல்பாரிஸி அந்நூலுக்கு விரிவுரை எழுதினார். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நீர் நிரப்பிய கண்ணாடிக் கோளம் ஒன்றை மழைத்துளியாகப் பாவித்து, அதனுள் ஒளி முறிந்து தெறிப்பதாலேயே வானவில் தோன்றுகின்றது என்று காட்டினார். ஜன்னலோரத்தில் நாங்கள் வைத்துப் பார்த்த கிளாஸ் அவருடைய கோளத்தின் ஏழை உறவினர்தான்!

பின்னோக்கிச் செல்லும் கதிர்

இதையெல்லாம் கேட்டுவிட்டு மருமகள் ஒரு கேள்வி கேட்டாள். "மாமா, கணினி கண்ணுல இருந்து கதிர அனுப்புதுன்னுதானே காணொளியில சொன்னாங்க. அப்ப யூக்ளிட் சொன்னது சரியா?"

நல்ல கேள்வி. மின்விளக்கிலிருந்து புறப்படும் எண்ணற்ற கதிர்களில் நம் கண்ணுக்கு வந்து சேர்வது மிகச் சொற்பம். எல்லாவற்றையும் கணக்கிட்டால் கணினிக்கு ஆயுள் போதாது. ஒரு வழியாகச் சென்ற ஒளி அதே வழியாகத் திரும்பவும் வரக்கூடியது. எனவே படத்தின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒரு கதிரைப் பின்னோக்கி அனுப்பி, அது எங்கே போய் எந்த வெளிச்சத்தைத் தொடுகின்றது என்று கணினி தேடுகின்றது. இது கணக்கில் செய்யும் சிக்கனம் மாத்திரமே. உண்மையில் ஒளி வரும் திசை இப்னுல் ஹைதம் சொன்ன திசைதான்.

இம்முறையால் கண்ணாடியைத் தத்ரூபமாகக் காட்டலாம் என்று நிரூபித்தவர் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த டேர்னர் விற்றட். 1980இல் அவர் வெளியிட்ட கட்டுரையில், சிவப்பும் மஞ்சளுமான சதுரங்கத் தளத்துக்கு மேல் கண்ணாடிக் கோளமொன்று மிதக்கும் படம் இருந்தது. கதிர் ஒரு கண்ணாடிப் பரப்பைத் தொட்டதும் அதனை அவர் இரண்டாகக் கிளைக்க விட்டார். ஒரு கிளை தெறித்துப் போகும், மறு கிளை முறிந்து உள்ளே போகும். அடுத்த பரப்பில் அவையும் கிளைக்கும். அந்தக் காலத்துக் கணினிக்கு அந்த ஒரு படத்தை முடிக்க ஒரு மணித்தியாலத்துக்கும் மேல் பிடித்தது. நம் மருமகளின் பழைய மடிக்கணினி அதைவிடப் பன்மடங்கு சக்தி வாய்ந்தது.

அவள் பாவிக்கும் 'பிளெண்டர்' மென்பொருளுக்குக் காசு இல்லை. நெதர்லாந்தைச் சேர்ந்த டொன் ரூசென்டால் உருவாக்கிய அது, அவருடைய கம்பனி மூடப்பட்டபோது மறைந்து போகவிருந்தது. பாவனையாளர்கள் ஒரு இலட்சம் யூரோ திரட்டி அதன் உரிமையை மீட்டனர். 2002ஆம் ஆண்டு முதல் அது எவரும் இலவசமாகப் பெற்றுப் பாவிக்கவும் திருத்தவும் கூடிய பொதுச் சொத்தாக இருக்கின்றது. திருட்டுப் பிரதி பாவிக்கும் பாவம் இதில் இல்லை என்பது நமக்கு மேலதிக ஆறுதல்.

கரிக்கட்டி எப்படி வந்தது?

இப்போது அந்தக் கறுப்புத் திட்டுகளுக்கு வருவோம். வெற்றுக் கிளாஸ் ஒன்றைக் கதிர் கடந்து போக எத்தனை பரப்புகளைத் தாண்ட வேண்டும்? முன் சுவரின் வெளிப்பக்கம், உட்பக்கம். பின் சுவரின் உட்பக்கம், வெளிப்பக்கம். ஆக நான்கு. இடையில் எங்காவது தெறித்தால் இன்னும் கூடும். மருமகளோ கணினி மெதுவாக ஓடுகின்றது என்பதற்காக, ஒரு கதிர் எத்தனை தடவை திரும்பலாம் என்ற எல்லையை 2 என்று குறைத்து வைத்திருந்தாள். மூன்றாவது பரப்பிலேயே கதிரின் கணக்கு முடிந்துவிட்டது. வெளிச்சத்தைக் காணாமல் வழியில் நின்ற கதிருக்குக் கணினி கொடுக்கும் நிறம் கறுப்பு. எல்லையை 12 ஆக்கினோம். கரிக்கட்டிகள் மறைந்தன.

அடுத்தது, கிளாஸின் தடிப்பு. வெளிப்பக்கத்தை மட்டும் வரைந்து உட்சுவரை விட்டுவிடுவது புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறாம். அப்போது கணினி, கிளாஸ் முழுவதும் உள்ளே கண்ணாடியால் நிரம்பிய கட்டி என்று எடுத்துக் கொள்ளும். சுவருக்கு இரண்டு முகங்கள் வேண்டும். அடிப்பகுதி சுவரைவிடத் தடிப்பாக இருந்தால் அழகு கூடும். அத்தோடு ஒவ்வொரு முகத்துக்கும் உள் எது, வெளி எது என்ற திசை உண்டு. அது தலைகீழாக இருந்தால், ஒளி கண்ணாடிக்குள் நுழையும் இடத்தில் வெளியேறுவதாகக் கணக்காகிவிடும். அவளுடைய கிளாஸின் அடிப்பகுதி அப்படித்தான் புரண்டிருந்தது. ஒரு பொத்தானை அழுத்தித் திருத்தினாள்.

விளிம்பும் முக்கியம். கத்தி போல் கூரான விளிம்பு எந்தக் கிளாஸிலும் இல்லை. தேநீர்க் கடைக் கிளாஸின் வாயை விரலால் தடவிப் பாருங்கள்; உருண்டையாக இருக்கும். அந்த உருண்டையில்தான் வெளிச்சம் மெல்லிய வெள்ளிக் கம்பி போல் ஓடுகின்றது. அதை விட்டால் படத்தில் உயிர் இராது.

தேநீரின் நிறம் எங்கே இருக்கின்றது?

தேநீர்தான் எங்களை அதிக நேரம் சோதித்தது. அவள் அதன் மேற்பரப்புக்கு மண்ணிறம் பூசியிருந்தாள். அதனால்தான் அது கட்டை போல் தெரிந்தது. உண்மையில் பிளேன்டீயின் நிறம் அதன் மேற்பரப்பில் இல்லை; ஆழத்தில் இருக்கின்றது. ஒளி உள்ளே செல்லச் செல்ல நீலமும் பச்சையும் உறிஞ்சப்பட்டுச் செம்மஞ்சள் மட்டும் மிஞ்சுகின்றது. ஒரு சென்ரிமீற்றர் ஆழம் ஒளியைப் பாதியாக்கினால், இரண்டு சென்ரிமீற்றர் காற்பங்காக்கும்; மூன்று, அரைக்காற்பங்காக்கும். தேயிலைத் தொழிற்சாலைகளில் சாயத்தைச் சோதிப்பவர்கள் வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றிப் பார்ப்பதும் இதனாலேதான். விளிம்பருகே தங்க நிறம், நடுவில் செம்மை.

மருமகள் மேற்பரப்பை நிறமற்றதாக்கி, நிறத்தை உட்பருமனுக்குக் கொடுத்தாள். முறிவுச்சுட்டி, நீருடையதான 1.33. உடனே திரையில் தேநீர் மலர்ந்தது. ஜன்னல் பக்கம் பொன்னிறம், மறு பக்கம் இரத்தினக்கல்.

ஆயினும் ஒரு குறை. தேநீரைச் சுற்றி வெள்ளி உறை போட்டது போல் ஒரு பளபளப்பு. எங்கள் உண்மைக் கிளாஸில் அது இல்லை. தேடியபோது காரணம் கிடைத்தது. தேநீருக்கும் கிளாஸின் உட்சுவருக்கும் இடையே மயிரிழை அகலத்தில் இடைவெளி விட்டிருந்தாள். நம் கண்ணுக்கு அது ஒன்றுமில்லை. கணினிக்கோ அது காற்று. கண்ணாடியிலிருந்து காற்றுக்கு வெளியேறும் ஒளி, ஏறத்தாழ 42 பாகை என்ற அவதிக் கோணத்தைத் தாண்டிச் சரிந்தால் வெளியேறவே மாட்டாது. முழுவதுமாக உள்ளே திரும்பிவிடும். முழுவுட்தெறிப்பு என்று படிக்கின்றோமே, அதுதான் அந்த வெள்ளி உறை. உண்மைக் கிளாஸில் தேநீர் சுவரைத் தொட்டுக் கொண்டிருக்கின்றது. 1.5க்கும் 1.33க்கும் உள்ள வித்தியாசம் சிறியது. நேர்ப்பார்வையில் அந்த எல்லையில் தெறிப்பது அரை வீதம்கூட இல்லை. அதனால் உட்சுவர் ஏறத்தாழ மறைந்துவிடுகின்றது. தேநீர்ப் பருமனைச் சுவருக்குள் சற்றே நுழையும்படி அவள் பெருப்பித்தாள். உறை கழன்றது.

கடைசியாக நிழல். கண்ணாடியின் நிழல் கல்லின் நிழல் போல் முழுக் கறுப்பன்று. மழை விட்டுச் சற்று வெயில் எட்டிப் பார்த்தபோது, மேசை விரிப்பில் எங்கள் கிளாஸின் நிழலுக்கு நடுவே செம்மஞ்சளாக ஓர் ஒளிக்கீற்று விழுந்தது. இப்னு ஸஹ்ல் ஆராய்ந்த அதே குவியும் ஒளி! இதைக் கணக்கிடுவது கணினிக்கும் கடினமான வேலை. பழைய மடிக்கணினியால் முடியவில்லை. மேசைமேல் சிறிய செம்மஞ்சள் விளக்கொன்றை மறைத்து வைத்து அவள் சமாளித்தாள்.

கூடுமா?

மஃரிபுக்குப் பின் மச்சானின் கேள்விக்கு வந்தோம். உயிருள்ளவற்றின் உருவங்களைப் பற்றி மார்க்க அறிஞர்களிடையே விரிவான கருத்துகள் உள்ளன. அதை ஆலிம்களிடம்தான் கேட்க வேண்டும். என் போன்றவன் தீர்ப்புச் சொல்லலாகாது. ஆனால், படம் வரைவதே தன் பிழைப்பு என்று வந்து நின்ற ஒரு மனிதருக்கு இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள், மரங்களையும் உயிரற்ற பொருள்களையும் வரைந்து கொள்ளும்படி வழி சொன்ன செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியிருக்கின்றது. அதை எடுத்துச் சொன்னேன்.

கிளாஸ், தேநீர், மேசை, ஜன்னல், மலை. இவள் வரைந்ததில் உயிருள்ளது எது? நம் முன்னோர் கண்ணாடியை வெறுத்தவர்களும் அல்லர். மம்லூக்குகளின் காலத்தில், 13ஆம் 14ஆம் நூற்றாண்டுகளில், கெய்ரோவின் பள்ளிவாசல்களில் தொங்கிய கண்ணாடி விளக்குகளை இன்றும் உலக அருங்காட்சியகங்கள் பொக்கிஷமாகப் பாதுகாக்கின்றன. அவற்றில் பலவற்றில், கண்ணாடிக்குள் இருக்கும் விளக்கை உவமையாகக் கூறும் ஸூரத்துந் நூரின் 35ஆவது வசனம் பொறிக்கப்பட்டுள்ளது.

மச்சான் பதில் சொல்லவில்லை. எழுந்து போய்த் திரைக்கு முன்னால் குனிந்து நெடுநேரம் பார்த்தார். பிறகு, "அந்த ஜன்னல் நம்மட ஜன்னலா மகள்?" என்று கேட்டார். கிளாஸின் மேல் பக்கத்தில் வளைந்து தெரிந்த சிறு வெண்கட்டத்தில் அவர் விரல் இருந்தது.

"ஓம் வாப்பா. சட்டம் ஒடஞ்சதையும் வெச்சிருக்கேன்."

திங்கட்கிழமை வியாபாரி படத்தை எடுத்துக் கொண்டார். சாயம் இன்னும் கொஞ்சம் கடுமையாக வேண்டும் என்றாராம். அவளுக்கு ஓர் எண்ணை மாற்றும் வேலைதான். பேசிய கூலியைக் குறைக்காமல் கொடுத்தார். இனி ஒவ்வொரு வேலையும் இப்படி முடியும் என்று சொல்ல நான் துணிய மாட்டேன். ஆனால் ஹட்டனிலோ டிக்கோயாவிலோ இருக்கும் ஒரு பெண்பிள்ளை, பெற்றோரின் கண்முன்னே இருந்தபடி கௌரவமாகச் செய்யக்கூடிய தொழில்களில் இதுவும் ஒன்று என்பதில் ஐயமில்லை. பணம் கட்டும் வகுப்புக்கு முன்னர் அதற்குத் தேவைப்படுவது, பள்ளிக்கூடத்து விஞ்ஞானப் பாடத்தை வெறும் பரீட்சைக்காகப் படித்து மறந்துவிடாத மனம். அதைவிட, நின்று பார்க்கும் பொறுமை.

விடுமுறை நாளில் உங்கள் பிள்ளைகளோடு இதைச் செய்து பாருங்கள். ஒரு கிளாஸில் நீரூற்றி ஜன்னலோரம் வையுங்கள். அதன் பின்னால், ஒரு சாண் தள்ளி, எழுத்தெழுதிய தாளைப் பிடியுங்கள்; எழுத்து இடம் வலமாகப் புரளும். பக்கத்தில் ஒரு கறுப்புக் கொப்பியை நிறுத்தி எடுங்கள். ஓரக் கோடு கறுத்து மறையும். கண்ணை நீர்மட்டத்துக்குக் கீழே வைத்து, கிளாஸின் பக்கத்தினூடாக நீர்மட்டத்தைக் கீழிருந்து பாருங்கள். அது வெள்ளித் தகடாக மினுங்கும். பிறகு, அவர்கள் கண்டதில் எது கண்ணாடி என்று கேளுங்கள்.

தினமும் கையில் எடுத்துக் குடித்துவிட்டு வைக்கும் ஒரு கிளாஸில் இத்தனை ஒழுங்கை வைத்திருக்கின்றான் வல்ல அல்லாஹ். தன் கண் தவறியதை உணர்ந்த ஓர் அரசியார் அன்று தன்னைப் படைத்தவனிடம் திரும்பினார். நம் பிள்ளைகளுக்கும் பார்க்கும் கண்ணையும், பார்த்ததை உணரும் உள்ளத்தையும் அவன் தந்தருள்வானாக. ஆமீன்.